புத்தி மட்டாகும் இடம்

'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்னும் பழமொழியைக் கேளாத தமிழ்ச் செவி இராது. துள்ளும் பிள்ளைகளை அடக்கப் பெரியோர் சொல்வது இது. அப்பெரியோரே தம்முள் பிணங்கி நிற்கையில் அயலார் சொல்வதும் இதுவே. பலர் கையில் புரண்ட நாணயத்தின் முத்திரை தேய்வதுபோல், பலர் நாவில் புரண்ட பழமொழியின் பொருளும் தேய்ந்துவிடுகிறது. 'கோபக்காரன் அறிவிலி' என்னும் வசையாகவே இதனைக் கொண்டு பலரும் அமைகின்றனர். ஆனால் இதில் அமைந்துள்ள சொற்களைச் சற்று நின்று நோக்கினால், வசைக்கு மேற்பட்ட ஒரு தத்துவம் இதனுள் பொதிந்திருப்பது புலனாகும்.

'ஆத்திரம்' என்ற சொல்லுக்குத் தமிழ் வழக்கில் இரண்டு பொருள்கள் உண்டு. 'ஆத்திர அவசரத்துக்கு உதவும்' என்று ஒருவர் சிறிது பணத்தை முடிந்து வைக்கும்போது அச்சொல் விரைவைக் குறிக்கிறது. 'ஆத்திரப்பட்டு அடித்துவிட்டான்' என்னும்போது சினத்தைக் குறிக்கிறது. பதறும் நெஞ்சுக்கும் சினக்கும் நெஞ்சுக்கும் தமிழ் மக்கள் ஒரே பெயரை இட்டு வைத்தார்கள். புலவர்கள் முயன்று அமைத்த சிலேடைகள் எத்தனையோ உண்டு. இது ஒருவரும் முயலாமல் மக்கள் நாவிலே தானே விளைந்த சிலேடை.

'மட்டு' என்பதும் அத்தகையதே. மட்டுமீறிய பேச்சு, மட்டான செலவு என்னும் வழக்குகளில் அது அளவையும் எல்லையையும் குறிக்கிறது. பழைய நூல்களிலோ மட்டு என்பது கள்ளுக்கும் தேனுக்கும் பெயர். அப்பொருளைக் கொண்டால், சினந்தவனுக்கு அவன் புத்தியே கள்ளாகிவிடுகிறது என்று ஆகும். பழமொழியை ஆக்கியோர் இதனைக் கருதியிருக்க மாட்டார்கள். ஆயினும் கேட்கப் பொருத்தமாகவே இருக்கிறது. அது நிற்க. எல்லை என்னும் பொருளே இங்கு முதன்மையானது. சினந்தவனுக்குப் புத்தி இல்லை என்று பழமொழி சொல்லவில்லை. மட்டு என்றே சொல்லுகிறது. புத்தி இருக்கிறது, வேலையும் செய்கிறது, ஆனால் ஒரு சுவருக்கு இப்பால் மட்டுமே செய்கிறது. அச்சுவருக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்பதே கேள்வி.

அறிவிலிகளைக் குறித்து மட்டுமே எழுந்த மொழியாயின் இதனை ஆராய வேண்டுவதில்லை. அறிவிற் சிறந்தோருக்கும் இது நேருமோ என்பதே ஆராயத்தக்கது. ஸ்ரீகீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணபிரான், பற்றிலிருந்து ஆசையும், ஆசையிலிருந்து சினமும், சினத்திலிருந்து மயக்கமும், மயக்கத்தால் நினைவின் பிறழ்வும், அதனால் புத்தியின் அழிவும் நேர்வதைப் படிப்படியாக அருளிச்செய்கிறான். இதில் நினைவின் பிறழ்வைப் புத்தியின் அழிவுக்கு முன்னே வைத்திருப்பது உற்று நோக்கத்தக்கது. சினந்தவன் முதலில் இழப்பது அறிவை அன்று, நினைவையே. எதற்காக வந்தோம், யாருக்காக வந்தோம் என்பதை அவன் மறக்கிறான். இதற்கு ஸ்ரீராமாயணம் காட்டும் சான்று ராவணன் போன்ற ஒருவனைப் பற்றியதாக இருந்திருந்தால் வியப்பில்லை. அது சிறிய திருவடியாகிய அனுமனைப் பற்றியது.

அனுமனின் புத்தியைப் பற்றி ஐயுறுவார் இல்லை. முதற்சந்திப்பிலேயே அவனுடைய சொற்களின் தூய்மையைப் பெருமாள் இளைய பெருமாளிடம் வியந்து பேசினார். அத்தகையவன் கடலைக் கடந்து, இலங்கை முழுதும் தேடி, அசோகவனத்தில் பிராட்டியைக் கண்டு, கணையாழியை அளித்துச் சூடாமணியைப் பெற்றான். பின்னர் அரக்கர் கையில் தானே அகப்பட்டு ராவணன் அவையில் நின்றான். தூதனைக் கொல்லலாகாது என்று விபீஷணாழ்வான் தடுத்தபடியால், வாலில் தீ வைக்குமாறு ராவணன் பணித்தான். துணி அவன் நகரத்தது, எண்ணெயும் அவன் நகரத்தது. எரிந்ததும் அவன் நகரமே. இது சினத்தின் இயல்பான கணக்கு, வியக்க ஒன்றுமில்லை.

வியப்பு இனிமேல்தான். இலங்கையைக் கொளுத்துமுன் அனுமன் சிந்திக்கவே செய்தான். வந்த காரியத்தில் இன்னும் எஞ்சியிருப்பது யாது என்று எண்ணிப் பார்த்து, பகைவன் அரணை அழிப்பதே எஞ்சியது என்று முடிவு செய்தான். அமைச்சர்கள் மாளிகைகளைத் தேர்ந்து தேர்ந்து எரித்தான். விபீஷணன் மாளிகையை மட்டும் தீண்டாமல் விட்டான் என்று வால்மீகி முனிவர் குறித்துவைத்திருக்கிறார். அத்தனை நெருப்புக்கு நடுவிலும் நல்லவன் ஒருவன் வீடு எது என்று அறிந்து ஒதுக்கும் அளவுக்குப் புத்தி தெளிவாகவே இருந்தது. காரியம் முடிந்து கடலில் வாலை அவித்துவிட்டு எரியும் நகரத்தைத் திரும்பிப் பார்த்தபோதுதான், அந்நகரத்தினுள்ளே பிராட்டி இருக்கிறாள் என்பது அவன் நெஞ்சில் இடித்தது.

யாரைத் தேடி நூறு யோசனைக் கடலைத் தாண்டினானோ அவளே சுவருக்கு அப்பால் நின்றாள். விபீஷணன் வீடு நினைவுக்கு வந்தது, அசோகவனம் வரவில்லை. 'மட்டு' என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உரை வேறில்லை.

அப்போது அனுமன் பட்ட துயரம் ஸ்ரீராமாயணத்தைச் சேவிப்போர் நெஞ்சை உருக்கும். எழுந்த சினத்தை, எரியும் தீயை நீரால் அவிப்பதுபோல் அவிக்கவல்லவர்களே பெரியோர் என்று அவன் தன்னைத்தானே கடிந்துகொள்கிறான். சினந்தவன் பெரியோரையும் கொல்லுவான், சான்றோரையும் பழிப்பான், அவனுக்குச் செய்யத் தகாத செயலோ சொல்லத் தகாத சொல்லோ இல்லை என்று எண்ணி எண்ணி வருந்துகிறான். பிராட்டி இல்லையெனில் பெருமாள் இரார், பெருமாள் இல்லையெனில் இளைய பெருமாள் இரார், பரதாழ்வானும் சத்ருக்னாழ்வானும் இரார், அயோத்தியே இராது. ஒரு தீப்பொறி எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை அப்போதுதான் கணக்கிடுகிறான். தன் உயிரையே விட்டுவிடலாமோ என்றும் நினைக்கிறான். வள்ளுவர் சினத்துக்கு நெருப்பின் பெயரையே இட்டார். சேர்ந்த இடத்தை அழிப்பது என்னும் பொருள் தரும் பெயர் அது. திருவடி அந்தப் பெயரின் பொருளை இலங்கைக் கரையில் நேரே கண்டார்.

பிராட்டிக்கு ஒன்றும் நேரவில்லை. தன் வாலையே சுடாத தீ அவளை எவ்வாறு சுடும் என்று அனுமன் அனுமானித்துத் தேறினான். அவள் பிழைத்திருக்கும் செய்தியை விண்ணில் சென்ற சாரணர்களும் பேசிக்கொண்டார்கள். ஆனால் அனுமன் அதனோடு அமையவில்லை. மீண்டும் அசோகவனம் சென்று அவளைத் தன் கண்களால் கண்ட பின்னரே கடலைத் தாண்டினான். அனுமானமும் போதாது, கேள்வியும் போதாது என்று திரும்பிச் சென்று பார்த்தானே, அவன் பெருமை அங்கே இருக்கிறது. சினத்தால் பிழைபடாதவர் உலகில் அரியர். பிழைத்திருக்கக்கூடும் என்று அஞ்சித் திரும்பி நடப்பவர் அவரினும் அரியர்.

இளைய பெருமாளுக்கும் இவ்வாறு ஒரு தருணம் வந்ததுண்டு. சித்திரகூடத்தில் பெரும் ஆரவாரம் கேட்டுப் பூத்த ஆச்சா மரம் ஒன்றின்மேல் ஏறிப் பார்த்தார். கோவிதாரக் கொடியுடன் பரதன் சேனை வருவது தெரிந்தது. அவ்வளவே தெரிந்தது. உடனே நெருப்பை அவிக்கவும், பிராட்டியைக் குகையில் இருத்தவும், வில்லை நாணேற்றவும் வேண்டும் என்று பெருமாளிடம் விண்ணப்பம் செய்து, பரதனைக் கொல்வதில் குற்றம் இல்லை என்றும் கூறினார். கொடியைக் கண்ட கண், அதன் கீழே மரவுரி உடுத்து அழுதுகொண்டு வந்தவனைக் காணவில்லை. பெருமாள் உரைத்த மறுமொழி மிக எளியது. பரதன் இதற்குமுன் உனக்கு எப்போதேனும் தீங்கு செய்ததுண்டோ என்று வினவினார். அரசின் பொருட்டு இப்படிப் பேசுகிறாயாகில், பரதனிடம் சொல்லி உனக்கே தரச்செய்கிறேன் என்றார். இளைய பெருமாள் நாணத்தால் தம் உடலுக்குள்ளேயே ஒடுங்கினார்போல் ஆனார். மரத்திலிருந்து அம்பு புறப்பட்டிருக்குமாயின் பாதுகா பட்டாபிஷேகம் ஏது? ஸ்வாமி வேதாந்த தேசிகன் அத்திருவடிநிலைகளைப் பாடிய ஆயிரத்தெட்டு சுலோகங்கள் ஏது?

இவை பெரியோர் வரலாறுகள். சிறியோர் வீடுகளிலும் இதுவே நிகழ்கிறது. காப்பதற்குச் சாரணரும் சித்திரகூடமும் இல்லை என்பதே வேற்றுமை. வரப்பில் ஒரு முழ நிலம் காரணமாக அண்ணன் தம்பி இருவர் களத்துமேட்டில் சொல்லிக்கொள்ளும் ஒரு சொல், மூன்று தலைமுறை ஒருவர் வீட்டுத் தண்ணீரை மற்றவர் அருந்தாமல் செய்துவிடுகிறது. வழக்குமன்றத்தில் யார் வென்றார், யார் தோற்றார் என்பது ஊருக்குத் தெரியும். இரு வீட்டுத் திண்ணைக்கும் நடுவில் எந்தப் படியிலும் ஏற இயலாமல் நின்ற தாயின் பெயர் அந்த வழக்கில் எங்கும் வராது. இருவரும் அவளை மறந்தவர்கள் அல்லர். கேட்டால் அவளுக்காகவே வாதாடுவதாகவும் சொல்வார்கள். அசோகவனத்தில் அவள் இருப்பது மட்டும் அப்போது நினைவில் இராது. கோயில்களிலும் முதல் தீர்த்தம் யாருக்கு, பரிவட்டம் யாருக்கு என்று மூண்ட பிணக்குகளில், வீதியிலே எழுந்தருளியிருக்கும் எம்பெருமான் காத்து நிற்க நேர்ந்ததுண்டு. இதனை விரிக்க வேண்டுவதில்லை.

ஆயின் சினமே ஆகாதோ என்னும் கேள்வி எழும். எம்பெருமானுக்கும் சினம் உண்டு என்று சாஸ்திரங்கள் பேசுகின்றன. ஸ்ரீராமாயணத்தின் தொடக்கத்தில் வால்மீகி முனிவர் நாரதரிடம் கேட்கும் கேள்வியிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. சினத்தை வென்றவன் யார் என்று கேட்கிறார். கேட்ட மூச்சிலேயே, போரில் சினம் கொண்டால் தேவரும் அஞ்சும்படி இருப்பவன் யார் என்றும் கேட்கிறார். வென்றுவிட்ட சினம் மீண்டும் எவ்வாறு வரும்? அது அடங்கின வேலைக்காரன்போல் அழைத்தபோது வரும், போகச் சொன்னபோது போகும் என்று உரைகாரர் வழியில் விடை கூறலாம். ஜனஸ்தானத்தில் பதினாலாயிரம் அரக்கர் எதிர்வந்தபோது பெருமாள் சினத்தை 'வரவழைத்துக்கொண்டார்' என்றே முனிவர் சொல்லமைத்தார்.

ஆனால் ஓரிடத்தில் இந்த விடையும் போதாததுபோல் தோன்றும். யுத்த காண்டத்தில் ராவணன் முதன்முதல் நேருக்கு நேர் வந்தபோது, பெருமாள் அனுமன் தோள்மேல் எழுந்தருளிப் போர் புரிந்தார். ராவணன் அம்புகள் அனுமன் மேனியைப் புண்ணாக்கின. அதைக் கண்டதும் பெருமாள் சினத்தின் வசப்பட்டார் என்று முனிவர் எழுதிவிட்டார். வரவழைத்தார் என்று அல்ல, வசப்பட்டார் என்றே எழுதினார். தம்மைக் குறித்த தீங்கில் வராத சினம் அடியவன் புண்ணைக் கண்டதும் ஆண்டவனையே ஆண்டது. அடியார்கள் மகிழ்ந்து போற்றும் சினம் இது.

வசப்பட்ட அந்தச் சினம் என்ன செய்தது என்பதைப் பார்த்தால் பழமொழியின் இரண்டு பொருள்களும் தனித்தனியே பிரிந்துவிடும். ராவணன் தேர் ஒடிந்தது, வில் வீழ்ந்தது, மகுடம் அறுபட்டது. இனி ஓர் அம்பு போதும். அந்த இடத்தில் பெருமாள், நீ களைத்திருக்கிறாய், இலங்கைக்குப் போய் இளைப்பாறித் தேரும் வில்லும் கொண்டு திரும்பி வா என்று விடை கொடுத்தார். சினத்தின் வசப்பட்ட அதே நாளில், அதே களத்தில், பகைவன் களைப்பு அவர் கண்ணுக்குத் தெரிந்தது! சுவருக்கு அப்பால் நின்றவனையும் பார்த்த சினம் அது. அங்கே சினம் இருந்தது, ஆத்திரம் இல்லை. ஒரே சொல்லில் பிணைந்து கிடந்த இரண்டும் இங்கே பிரிகின்றன.

சேதுக்கரையிலும் இப்படியே. பெருமாள் தருப்பைமேல் மூன்று இரவுகள் கிடந்து கடலரசனை வேண்டினார். திருப்புல்லாணியில் தர்ப்பசயனத் திருக்கோலத்தைச் சேவித்தவர்கள் அந்தப் பொறுமையைக் கண்ணால் கண்டவர்கள். மூன்று இரவுகளுக்குப் பிறகே சினம் வந்தது. அதன்பின் கடலரசன் அஞ்சி வந்து பணிந்தான். பணிந்தவனைச் சினப்பது இல்லை; ஆனால் தொடுத்த அம்பு வீண்போவதும் இல்லை. இதனை எங்கே விடுவது என்று பெருமாள் அவனையே கேட்டார். வடதிசையில் தீயோர் வாழும் ஓர் இடத்தை அவன் காட்ட, அம்பு அங்கே விழுந்து நிலம் வறண்டது. எம்பெருமான் சினமாயினும் தொடுத்த பின் எங்காவது விழுந்தே தீரும் என்பது சற்று அச்சம் தரும் செய்திதான். ஆயினும் வறண்ட அந்நிலத்துக்கு ஆநிரையும் கனியும் கிழங்கும் தேனும் பாலும் பெருகுக என்று பெருமாளே வரமும் அளித்தார்.

நரசிங்கப் பெருமானின் சினத்தைச் சொல்லாமல் இதனை முடிக்க இயலாது. மூவுலகும் நடுங்கிய சினம் அது. ஆயினும் இரணியன் பெற்ற வரத்தின் ஒரு சொல்லைக்கூட அச்சினம் மீறவில்லை. பகலும் இரவும் அல்லாத அந்திப்பொழுது, உள்ளும் புறமும் அல்லாத வாயிற்படி, மண்ணும் விண்ணும் அல்லாத திருத்தொடை, ஆயுதம் அல்லாத திருநகம். பிரமன் கொடுத்த வாக்கு பொய்யாகாதபடி ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்த சினத்துக்கு ஆத்திரம் என்று பெயரிட ஒருவருக்கும் வாய் வராது.

அப்படியானால் ஆத்திரம், அதாவது விரைவு, எம்பெருமானிடத்தில் இல்லவே இல்லையோ எனில், உண்டு. அது வேறோரிடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கஜேந்திரன் மடுவிலே கூவியபோது எம்பெருமான் எழுந்தருளிய விரைவை ஸ்ரீபராசர பட்டர் ஸ்ரீரங்கராஜ ஸ்தவத்தில் சேவித்திருக்கிறார். சேனை முதலியார் நீட்டிய கையைப் பற்றவில்லை. கொணர்ந்த மணிப்பாதுகைகளைச் சாத்திக்கொள்ளவில்லை. அந்தப்புரத்தில் என்ன நேர்ந்தது என்று கலக்கம். கருடனுக்கு அலங்காரமும் ஆகவில்லை. அந்தப் பதற்றத்தோடு ஏறிய பெருமானை அன்றி, அப்பெருமானுடைய பதற்றத்தையே பட்டர் வணங்கினார். சினத்துக்கு மூன்று இரவு காத்தவன், அருளுக்குப் பாதுகை அணியும் பொழுதையும் காக்கவில்லை. கருட சேவையன்று வீதியில் நெரிசல் மிகும். முன் நின்றவர் மறைத்தார், பின் நின்றவர் தள்ளினார் என்று சொற்கள் தடிக்கும். அந்த வேளையில் சேவை சாதிப்பது அந்த விரைவே.

அந்த மடுவில் யானையாகவும் முதலையாகவும் இருந்தவர்கள் யார் என்று ஸ்ரீபாகவதம் சொல்லுகிறது. யானை, முற்பிறப்பில் இந்திரத்யும்னன் என்னும் பாண்டிய மன்னன். மலய மலையில் மோன விரதத்துடன் எம்பெருமானை ஆராதித்துக்கொண்டிருந்தபோது அகத்திய முனிவர் எழுந்தருளினார். மன்னன் எழுந்து உபசரிக்கவில்லை. அவமதித்தான் என்று கொண்ட முனிவர் யானையாகுமாறு சபித்தார். அவன் யாரை ஆராதித்துக்கொண்டிருந்தான் என்பது அந்தக் கணத்தில் அம்மாமுனிவர் நினைவுக்கு வரவில்லை. முதலையோ, ஹூஹூ என்னும் கந்தர்வன். தேவல முனிவர் சினத்தால் அவ்வுருவம் பெற்றவன். முனிவர் இருவருடைய சினங்கள் ஒரு மடுவில் ஒன்றையொன்று பற்றி இழுத்துக்கொண்டு கிடந்தன. திருவாழி வந்து இரண்டையும் விடுவித்தது. கந்தர்வன் வணங்கித் தன் உலகம் போனான். மன்னன் நான்கு திருத்தோள்களுடன் பெருமான் வடிவத்தையே பெற்றான்.

இந்த வரலாற்றை ஸ்ரீசுகர் கங்கைக்கரையில் எடுத்துரைத்தபோது எதிரே அமர்ந்து கேட்டவன் பரீட்சித்து மன்னன். தாகத்தோடு ஆசிரமம் புகுந்து, சமாதியில் இருந்த சமீக முனிவர் எழுந்து நீர் தரவில்லை என்று சினந்து, செத்த பாம்பை வில்நுனியால் எடுத்து அவர் தோள்மேல் இட்டவன் அவன். முனிவர் மைந்தன் அதனைக் கேட்டுச் சினந்து இட்ட சாபத்தால் ஏழு நாட்களே ஆயுள் பெற்று அங்கே வந்து அமர்ந்திருந்தான். எழுந்து உபசரிக்காத மன்னனை முனிவர் சபித்த கதையை, எழுந்து உபசரிக்காத முனிவரை அவமதித்த மன்னன் கேட்டான். இடையில் ஒன்றும் பேசாமல் முழுதும் கேட்டு, மேலே சொல்லும்படி வேண்டினான்.